வெட்டச் சொன்ன வசனம்

ஜனவரி 9

அக்காவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டியதெல்லாம் போன வருஷமே ஆகிவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

அம்மா போன பிறகு உன் போனை நான் எடுப்பதில்லை. இனியும் எடுக்கப்போவதில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் அடங்காது, அப்புறம் எனக்கே மனசு கெட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது, கூப்பிடாதே.

விஷயம் இதுதான். நான் ஒரு திரைக்கதை எழுதியிருக்கிறேன். சிரிக்காதே. படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு தாயையும், அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிட்ட சின்ன மகளையும் பற்றிய கதை. வெளியூரில் சினிமாக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெரிய மகள் ஒருத்தியும் உண்டு. அவள் முகம் திரையில் வராது, போனில் குரல் மட்டும் வரும். யாரைப் பற்றிய கதை என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் கோர்ட்டில் சுருக்கெழுத்து எடுக்கிறவள். ஒருத்தர் பேசியதைப் பேசியபடி எழுதத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எழுதியதை யாரிடம் கொடுப்பது, கொடுத்தால் படிப்பார்களா, படித்தால் திருடிக்கொள்வார்களா, எதுவும் தெரியாது. நீ உங்கள் கம்பெனிக்கு வருகிற கதைகளையெல்லாம் படித்துக் கருத்து எழுதிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாய். முகம் தெரியாதவர்களுக்கு நீ சொல்கிற புத்தியை எனக்கும் சொல். அக்காவாகச் சொல்ல வேண்டாம்.

ஏன் விற்க வேண்டும் என்று கேட்பாய். அம்மாவைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, அவள் திட்டுவதையும் வாங்கிக்கொண்டு நான் கழித்த வருஷங்களை யாரும் பார்க்கவில்லை. வந்து போனவர்கள் எல்லாரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள். என்னிடம் "டீ எதுவும் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வருஷங்கள் ஏதாவது ஒன்றாக ஆக வேண்டும். முன்பின் தெரியாத ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

தங்கை


ஜனவரி 20

தங்கைக்கு,

பதறினேன் என்பது உண்மைதான். மதியம்வரை உறையைக் கிழிக்காமல் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அக்காவாகச் சொல்ல வேண்டாம் என்றாய். சரி. எங்கள் அலுவலக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். கதை வைத்திருக்கிறவர்கள் காலையிலிருந்து அதில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன்.

முதல் வேலையாகக் கதையை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய். அதுவரை உன் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் வாய் திறக்காதே. இங்கே கதையைத் திருட யாரும் பூட்டை உடைப்பதில்லை. நீ சொல்லி முடித்ததும், "நம்மகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு" என்பார்கள். அதோடு போச்சு.

எங்கள் முதலாளி எதையும் படிக்கமாட்டார். அவருக்குக் கதையை வாயால் சொல்ல வேண்டும். நல்ல கதையை வைத்துக்கொண்டு சொல்லத் தெரியாமல் கெட்டவர்கள் அநேகம் பேர். சொல்லும்போது கேமரா எங்கிருந்து வருகிறது என்று ஆரம்பிக்காதே, அதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் வேறு இருக்கிறார். "இந்த எடத்துல தியேட்டரே அழும்" என்று சொல்லவே சொல்லாதே. அப்படிச் சொன்ன ஒரு படத்தில்தான் தியேட்டரே தூங்கியது. யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார், கிடைக்காவிட்டால் என்ன போய்விடும், இந்த மூன்றும் கேட்கிறவருக்குப் புரிந்தால் போதும். அதைச் சொல்லவே மூச்சு வாங்கினால் கதை இன்னும் உனக்கே பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்.

கேட்டு முடித்ததும் "பிரமாதம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். "பார்க்கலாம்" என்றாலும் அதே அர்த்தம்தான், கொஞ்சம் மரியாதை அதிகம். "நல்லாருக்கு, ஆனா" என்று இழுத்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. அந்த 'ஆனா'வில்தான் வியாபாரம் இருக்கிறது.

எழுத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒன்றிரண்டு சொல்கிறேன். கதவைத் தட்டுவதில் காட்சியை ஆரம்பிக்காதே, உள்ளே சண்டை பாதியில் இருக்கும்போது எங்களைக் கூட்டிப்போ. மனசில் இருப்பதை வாயால் சொல்ல விடாதே. பசிக்கிறவன் பசிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை, அடுப்பில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் போதும். எழுதும்போது உனக்கு அழுகை வந்த பக்கத்தை மறுநாள் சந்தேகத்தோடு படி.

சொல்கிறவளின் யோக்கியதையையும் கேட்டுக்கொள். நான் ஒட்டுப்போட்டுக் கொடுத்த காட்சிகள் எத்தனையோ படங்களில் ஓடியிருக்கின்றன. எழுதியவள் என்று ஒரு படத்திலும் என் பெயர் வந்ததில்லை. நன்றி சொல்கிற பட்டியலில் ஒருமுறை வந்தது, ஜெனரேட்டர் கொடுத்தவருக்கும் சாப்பாடு கொடுத்தவருக்கும் நடுவில். அதையும் எழுத்துப் பிழையோடு போட்டிருந்தார்கள்.

கதையை முழுசாக அனுப்பு. தாளில் அனுப்பு, மின்னஞ்சலில் வருவதை இங்கே யாரும் திறப்பதில்லை. பென்சிலும் கையுமாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சங்கத்தில் பதிவு செய்துவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, குடும்பக் கதையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இப்பல்லாம் அது போறதில்லைம்மா" என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார்.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஜெனரேட்டர் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எப்போதுமே உன் பக்கம் சாய்கிற ஆள். அம்மாவைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனது, முதுகு பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கஷ்டப்பட்டது எல்லாம் அவர்தான். ஆனாலும் உன்மேல் ஒரு சொல் சொல்லமாட்டார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

அந்தக் கடைசி நாட்களில் நான் உன்னை விடாமல் கூப்பிட்டேன். நீ ஏதோ ஒரு விடுதி அறையில் கதை விவாதத்தில் இருந்தாய். உள்ளே போகும்போதே எல்லாருடைய போனையும் வாங்கி, விவாதம் முடிகிறவரை ஒரு கூடையில் போட்டுவிடுவார்களாம், கவனம் சிதறக் கூடாதாம். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படி என்னதான் படம் என்று அது வெளியானதும் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் நாய் தொலைந்து போகிறது. எல்லாரும் தேடுகிறார்கள், ஜனங்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் நாய் கிடைத்துவிடுகிறது.

நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கதையில் பெரிய மகளை நான் கெட்டவளாக எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன், எனக்கே படிக்கப் பிடிக்காமல் கிழித்துவிட்டேன். அதனால்தான் அவளைக் குரலோடு நிறுத்தியிருக்கிறேன். படித்துவிட்டு ஒளிக்காமல் எழுது.

தங்கை


மார்ச் 6

தங்கைக்கு,

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பென்சிலை எடுக்கவே முடியவில்லை. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, இது யாரோ ஊர் பேர் தெரியாதவர் அனுப்பிய கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படித்தான் படிக்கச் சொன்னாய்.

நல்லதை முதலில் சொல்கிறேன், இங்கே அப்படி வழக்கமில்லை. படுக்கை விரிப்பு மாற்றுகிற காட்சி. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மகள் தாயை ஒரு பக்கம் உருட்டும்போது தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னால் ஆனதைச் செய்கிறாள். செய்துவிட்டு, ஒன்றும் செய்யாதவள் மாதிரி சுவரைப் பார்க்கிறாள். அந்தப் பக்கத்துக்காக உன்மேல் பொறாமைப்பட்டேன்.

இனி திட்டு. உன் டாக்டர் மூன்று பக்கம் பேசுகிறார். எந்த டாக்டர் நம்மிடம் நின்று மூன்று பக்கம் பேசியிருக்கிறார்? நடுப்பகுதி முழுக்கச் சின்னவள் கஷ்டப்படுகிறாள், மறுபடியும் கஷ்டப்படுகிறாள். கஷ்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதையை நகர்த்த முடியாது. அவள் எதற்காவது ஆசைப்பட வேண்டும், அது கைக்குக் கிட்டே வந்துவிட்டுப் போக வேண்டும். உனக்குப் பெரிய கோர்ட்டுக்கு மாற்றல் வந்ததும், நீ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் இதில் எங்கே? அதை எழுதாமல் யாரை மறைக்கிறாய்?

அடுத்தது பெரியவள். குரலாக வைத்தால் அவளைக் காப்பாற்றுகிறாய். கொண்டுவந்து வாசலில் நிறுத்து. சின்னவள் அவளை என்ன கேட்கிறாள் என்று பார்க்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள். கெட்டவளாகவே எழுது. எனக்கு வலித்தால் அது என் பாடு, கதைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

கடைசியாக, தாய் சாகிற காட்சி. அங்கே அவள் சின்ன மகளிடம், "அவ வந்தா நான் தூங்கிட்டேன்னு சொல்லு" என்கிறாள். இதை வெட்டு. சாகப்போகிறவர்கள் இவ்வளவு அழகாகப் பேசமாட்டார்கள். தண்ணீர் கேட்பார்கள், ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள். அதையெல்லாம் நீயே நன்றாக எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாவைத் தூக்கம் என்று சொல்லிக் கண்ணைக் கசக்க வைக்கிற வசனம் என் மேஜைக்கு வாராவாரம் வருகிறது. எழுதியவரின் கை அப்பட்டமாகத் தெரிகிறது. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதினாயா, என்னைக் குத்துவதற்கு எழுதினாயா என்றும் புரியவில்லை. எதற்காக இருந்தாலும் கதைக்கு ஆகாது. குறுக்கே ஒரு கோடு போட்டு ஓரத்தில் 'பொய்' என்று எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன்.

இவ்வளவையும் சரி செய்தால் இதை முதலாளியிடம் கொண்டுபோகலாம். சும்மா சொல்லவில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சொன்னபடி செய்துவிட்டேன். டாக்டரின் வாயை அடைத்தேன். மாற்றல் உத்தரவைச் சேர்த்தேன். அது வந்த அன்றைக்கு அம்மாவுக்கு வயிறு சரியில்லை, உத்தரவைப் படிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

பெரியவள் வருகிறாள். சக்கரம் வைத்த பெட்டியை வாசல்படியில் தூக்கி வைக்கத் தெரியாமல் இழுக்கிறாள், நாற்காலி எடுக்க வந்த ஆள் கைகொடுக்கிறார். சின்னவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. பெரியவள்தான் உள்ளே போகிறாள். அங்கே ஒரு சண்டை. அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் நான் விழுங்கியதையெல்லாம் அவள் சொல்கிறாள். எழுதி முடித்ததும் எனக்கு நல்ல பசி எடுத்தது.

தாயின் வசனத்தை வெட்டிவிட்டேன். இப்போது அவள் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், போய்விடுகிறாள். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "அதை எடுத்துட்டா அப்புறம் இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். உங்களுக்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும், தெரிந்தவள் சொல்லியிருக்கிறாள் என்று அவர் வாயையும் அடைத்தேன். அதற்கப்புறம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஓரத்தில் நீ எழுதிய அந்தச் சொல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

தங்கை


மே 25

தங்கைக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நின்றபடியே எழுதுகிறேன். முதலாளி உன் கதையை வாங்குகிறார்.

நானே சொன்னேன். உன்னை வரவழைக்கலாம் என்றார்கள், நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அறையில் முதலாளி, இயக்குநர், கணக்குப் பார்க்கிறவர். நான் ஆரம்பித்ததுமே முதலாளி போனை எடுத்து நோண்டத் தொடங்கினார். படுக்கை விரிப்பு மாற்றுகிற காட்சி வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். கணக்குப் பார்க்கிறவர் மூக்கைச் சிந்திவிட்டு ஜலதோஷம் என்றார். முடித்ததும் முதலாளி, "நல்லாருக்கு, ஆனா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

அந்த 'ஆனா' இதுதான். பெரிய நடிகை ஒருத்தருக்கு இயக்குநர் முன்பே கதைச் சுருக்கத்தை அனுப்பியிருந்தாராம். அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் பெரியவளாகத்தான் நடிப்பாராம். அவர் நடித்தால் படம் அவருடையது. வீட்டை விட்டுப் போய் ஜெயித்தவள், தாய் சாகும்போது பக்கத்தில் இல்லாதவள், திரும்பி வந்து அழுகிறவள், அவளுடைய கதையாக மாறும். சின்னவள் இருப்பாள். கொஞ்சமாக இருப்பாள். நீ காறித் துப்புவாய் என்று தெரியும். ஆனால் விற்கிறதென்றால் இப்படித்தான். முதல் கதையில் ஒரு கமாவைக்கூட மாற்றவிடமாட்டேன் என்றவர்கள் இன்னும் வாசல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த கதையை உன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. திரைக்கதை என்று என் பெயரைப் போடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். கூட்டத்தோடு கோவிந்தாவாக இல்லை, திரையில் தனியாக, ஒரு டைட்டில் கார்டு முழுக்க. கதை என்று உன் பெயர் வரும். ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டு முதலாளிக்கே அனுப்பு.

இயக்குநருக்கு ஒரே ஒரு குறை. திரும்பி வருகிறவளுக்குத் தாய் ஏதாவது ஒரு சொல் விட்டுப் போயிருக்க வேண்டும் என்கிறார். அது இல்லாமல் நடிகை ஒத்துக்கொள்ளமாட்டாராம். எதை எதையோ எழுதிப் பார்த்தேன், ஒன்றும் உட்காரவில்லை. அதனால் உன்னைக் கேட்கிறேன். கதைக்காக மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டில் உன் முகத்தைப் பார்த்து இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அப்புறம் நீ போனை எடுக்கவில்லை. அம்மா கடைசியாக என்ன சொன்னாள்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

சொல்லியிருந்தேன். நீதான் குறுக்கே கோடு போட்டுப் 'பொய்' என்று எழுதினாய்.

அம்மா அதைத்தான் சொன்னாள், அதே வார்த்தைகளில். அதற்கு முன் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், தண்ணீர் கேட்டாள். அதெல்லாம் நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாயே, அதையும் நான் எழுதவில்லை, நடந்தது. கோர்ட்டில் கூசாமல் புளுகுகிற சாட்சியின் பேச்சைக்கூட நான் ஒரு எழுத்து மாற்றமாட்டேன். என் தாய் பேச்சில் கைவைப்பேனா?

அவள் சாவைத் தூக்கம் என்று சொல்லவில்லை. அழகாகப் பேசவும் இல்லை. அவள் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாள். உனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. காலேஜில் படிக்கும்போது நீ நாடகம் சினிமா என்று சுற்றிவிட்டு நேரம் கழித்து வருவாய். கதவைத் திறப்பது நான். அம்மா எங்கே என்பாய். தூங்கிவிட்டாள் என்பேன். ஒரு நாளும் தூங்கியதில்லை, அக்கா. தெருவில் உன் செருப்புச் சத்தம் கேட்கிறவரை ஜன்னலை விட்டு நகரமாட்டாள். கேட்டதும் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டு, "அவ வந்தா நான் தூங்கிட்டேன்னு சொல்லு" என்பாள். தான் முழித்துக்கொண்டு கிடப்பது தெரிந்தால் நீ மனசு கஷ்டப்பட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிடுவாய் என்று அவளுக்குப் பயம். அவள் உனக்குச் சொன்ன பொய்யை அத்தனை காலமும் என் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியிலும் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் நின்றது நான், தண்ணீர் கொடுத்தது நான். அவள் காது உன் செருப்புச் சத்தத்தில் இருந்தது. எனக்கு அவள்மேலும் கோபம்தான். அன்றைக்கு நீ பெட்டியோடு வந்து நின்றபோது அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று இருந்தது. அப்புறம் காகிதத்தில் எழுதினேன். நீ படித்ததும் அது அம்மாவின் பேச்சு என்று உனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவள் பெற்ற மகளுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

இப்போது உன் இயக்குநருக்கு ஒரு சொல் வேண்டும். உன்னிடம் ஒன்று இருக்கிறது. பொருத்தமாக உட்காரும், நடிகையும் அழுவார், உன் பெயரும் ஒரு கார்டு முழுக்க வரும். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

தங்கை


ஜூன் 19

தங்கைக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தபோது உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. படித்துவிட்டு வெளியே வந்து, வாசலில் கதைக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னையும் கதை சொல்ல வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே இன்றைக்கு மூட் எப்படி என்று விசாரித்தார்.

இயக்குநர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். "அம்மா என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வாய்வரை வந்தது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. அது எவ்வளவு நன்றாக உட்காரும் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக நான் செய்கிற வேலையே அதுதானே.

"ஒண்ணும் சொல்லலையாம்" என்றேன்.

அப்படியென்றால் நாமே சொல்ல வைத்துவிடலாம் என்று அவர் அங்கேயே எழுந்து நின்று ஒரு வசனம் சொன்னார். அந்தத் தாய் மூச்சு முட்ட முட்ட ஒரு பக்கம் பேசுகிறாள். நீ பறக்க வேண்டும் என்றுதான் நான் படுக்கையில் விழுந்தேன் மகளே என்கிறாள். நீ வராதது எனக்குக் குறையே இல்லை, உன்னை மன்னிக்க என்ன இருக்கிறது என்கிறாள். நடிகைக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார்கள், அவர் விசும்புகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அதைத் திருத்தமாகப் படியெடுத்துக் கொடுத்தது நான்தான். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. அம்மா எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான், அதை நானே கோடு போட்டு அடித்தேன். முன்பின் தெரியாத எவராவது எழுதியிருந்தால்கூட ஒருவேளை விட்டுவைத்திருப்பேன். நீ எழுதியது என்பதால்தான் சந்தேகப்பட்டேன். ஆறுதலுக்கோ குத்துவதற்கோ என்னை உள்ளே இழுக்கிறாய் என்று நினைத்தேன். அம்மா தூங்கிவிட்டாள் என்று நம்பிக்கொண்டு நான் எத்தனை தடவை நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறேன்.

இந்த வேலையில் இதுவரை நான் யாருக்கும் சொல்லாத புத்தி ஒன்றைச் சொல்கிறேன். விற்காதே. உன் கையெழுத்து இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் வெறும் காகிதம், கிழித்துப் போடு. என் பெயர் வராது, வேலையும் போகலாம். பெயர் வராமல் இருப்பது எனக்குப் பழகினதுதான். அம்மாவை அந்த வசனத்தைப் பேச விடாதே. இதை அக்காவாகத்தான் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு நேற்றே முதலாளிக்கு அனுப்பிவிட்டேன். உன் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. படித்துவிட்டுத்தான் போட்டேன்.

அந்தச் சொல்லை நீ அவர்களிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அதற்காக நான் உருகிவிடுவேன் என்று எதிர்பார்க்காதே. மன்னிப்பு வேண்டுமென்றால் உன் இயக்குநர் ஒரு தாயை எழுதி வைத்திருக்கிறார். அந்த நடிகைக்குப் பின்னால் வரிசையில் நின்று நீயும் வாங்கிக்கொள்.

ஏன் விற்றாய் என்று கேட்பாய். அவர்கள் வாங்கியது நீ திருத்திய கதையை. அதில் என் அம்மா இல்லை. அவள் பேசியதை நீ சொல்லி நானே எடுத்துவிட்டேன். அவர்கள் கை வைத்த பிறகு நானும் அநேகமாக இல்லை. மிச்சம் இருப்பது ஒரு கட்டிலும், சக்கரம் வைத்த ஒரு பெட்டியும், ஊருக்குத் திரும்பி வந்து அழுகிற ஒரு பெரியவளும்தான். அந்தக் கட்டிலில் கிடப்பவளை யார் என்ன பேச வைத்தால் எனக்கென்ன? நான் விற்றதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரே ஒரு மாற்றம் கேட்டு எழுதியிருக்கிறேன், முதலாளி மறுக்கமாட்டார். கதை என்ற இடத்தில் என் பெயர் வேண்டாம், உன் பெயரையே போடச் சொல்லியிருக்கிறேன். கதை, திரைக்கதை, இரண்டும் நீதான். இத்தனை வருஷம் ஆசைப்பட்டாய், இரண்டு கார்டிலும் உன் பெயரைப் பார். தியேட்டரில் போய்க் கடைசிவரை உட்கார்ந்து பார். அந்தத் தாய் பேசும்போது பக்கத்துச் சீட்டில் இருப்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். முன்னால் இருப்பவரும் துடைத்துக்கொள்வார். அங்கே உன் ஒருத்திக்குத்தான் அது பொய் என்று தெரியும்.

முன்பின் தெரியாத ஜனங்கள் பார்க்க வேண்டும் என்று நான் உனக்கு எழுதியிருந்தேன். அந்த ஆசை எனக்குத் தீர்ந்துவிட்டது. நீ கோடு போட்ட பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அதைப் புதிதாக டைப் அடித்து வைத்திருக்கிறேன். ஜன்னல், தண்ணீர், அப்புறம் அவள் சொன்னது, மூன்றும் வரிசையாக இருக்கின்றன. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு மறுபடியும் என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறார்.

அதை உனக்குத் தபாலில் அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் வந்து, அம்மா கிடந்த அந்த அறையில் உட்கார்ந்து படி. கோர்ட் முடிந்து சாயங்காலம் வீட்டில் இருப்பேன், கதவைத் திறக்கிறேன். வராவிட்டால் அதுவும் எனக்குப் புதிதில்லை.

தங்கை